விதையில்லாத தர்பூசணியும் மதுரைப் பருத்திப்பாலும்

கேள்வி: மதுரையில் வசிக்கும் இல்லத்தரசி நான். ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. விதையில்லாத தர்பூசணி, விதையில்லாத திராட்சை, சிவப்புச் சதைப் பப்பாளி, பிராய்லர் கோழி, ஸ்வீட் கார்ன், பளபளப்பான கத்தரிக்காய் எல்லாமே மரபணு மாற்றப்பட்டவை என்றும், இவற்றைச் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் புற்றுநோயும் பிற்காலத்தில் மலட்டுத்தன்மையும் வரும் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்று முதல் என் கணவர் இவற்றில் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. விவசாயியான என் மாமனார், “விதை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விட்டால் அப்புறம் நாம் கையேந்த வேண்டியதுதான்” என்கிறார். வேளாண் கல்லூரியில் படிக்கும் என் தம்பியோ, இந்தத் தொழில்நுட்பம் இல்லாவிட்டால் இத்தனை கோடி மக்களுக்குச் சோறு போட முடியாது என்று வாதாடுகிறான். நான் யாரை நம்புவது? பிள்ளைக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது? மாலை நேரத்தில் தாத்தா அவனுக்கு வாங்கித் தரும் பருத்திப்பால் ஒன்றுதான் இப்போது சண்டையில்லாமல் நடக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு உடல்நலத்தைப் பற்றிய கவலை. மாமனாருக்கு விதையின் உரிமையைப் பற்றிய கவலை. தம்பி பேசுவது விளைச்சலைப் பற்றி. மூன்றும் ‘மரபணு மாற்றம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பதால், ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர் சொல்வது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது மாணவர்களுக்கு உணவறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில், இவற்றைப் பிரித்துப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். அதில் உள்ள எதையும் மரபணு மாற்றுப் பயிராகவோ விலங்காகவோ இந்தியாவில் விற்க அனுமதி கிடையாது. விதையில்லாத தர்பூசணி எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். சாதாரணத் தர்பூசணிச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) இருக்கும். கோல்கிசின் என்ற பொருளைக் கொண்டு அதை 44 ஆக இரட்டித்து, அந்தச் செடியை மீண்டும் 22 உள்ள செடியோடு கலந்தால், பிறக்கும் செடிக்கு 33 குரோமோசோம்கள் அமைகின்றன. ஒற்றைப்படை எண்ணைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதல்லவா? அதனால் அந்தச் செடியால் முழுமையான விதையை உருவாக்க முடிவதில்லை; பழத்தில் மெல்லிய வெள்ளைத் தோல்களாக மட்டும் அவை நின்றுவிடுகின்றன. வேறோர் உயிரின் மரபணு எதுவும் இதில் நுழைக்கப்படவில்லை.

இதே கணக்குத்தான் நாம் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் வாழைப்பழத்திலும் நடந்திருக்கிறது. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவை மும்மடங்குக் குரோமோசோம் கொண்டவை. அதனால்தான் அவற்றில் விதை கிடையாது. வாழையில் இந்த மாற்றம் யாரும் செய்யாமல் இயற்கையாக நிகழ்ந்தது, தர்பூசணியில் மனிதர் செய்தார்கள், வேறுபாடு அவ்வளவே. விதையில்லாததைத் தின்றால் வம்சம் தழைக்காது என்று அந்தச் செய்தியை எழுதியவர் அஞ்சுகிறார். நாமோ மணமக்களை ‘வாழையடி வாழையாக’ வாழ்க என்று வாழ்த்திக்கொண்டிருக்கிறோம். விதையில்லாத திராட்சையும் புதிதன்று. பாயசத்தில் நம் பாட்டிமார் நெய்யில் வறுத்துப் போட்ட உலர்திராட்சை அதுதான்.

பிராய்லர் கோழி பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துக் கலந்து வளர்த்த இனம். ஸ்வீட் கார்ன் மக்காச்சோளத்தில் இயல்பாக ஏற்பட்ட ஒரு மாறுதலால் சர்க்கரை மாவாக மாறாமல் தங்கிவிட்ட வகை. அமெரிக்காவில் மரபணு மாற்றிய ஸ்வீட் கார்னும் உண்டு, இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. சந்தையில் அதிகம் கிடைக்கும் சிவப்புச் சதைப் பப்பாளியான ‘ரெட் லேடி’ தைவானில் உருவான வீரிய ஒட்டு ரகம். உங்கள் மாமனாரிடம் கேட்டால் வீரிய ஒட்டு என்றால் என்னவென்று என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்: ஒரே இனத்தின் இரண்டு ரகங்களை மகரந்தத்தால் கலப்பது. மரபணு மாற்றம் என்பது, மகரந்தத்தால் சேரவே முடியாத வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் எடுத்துப் பயிருக்குள் பொருத்துவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசி வதந்திகள் பிறக்கின்றன.

பப்பாளியைப் பற்றிய வதந்திக்கு மட்டும் ஓர் உண்மையான வேர் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் வளையப்புள்ளி வைரஸ் என்ற நோய் 1990-களில் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டே போனது. அந்தத் தீவில் பிறந்த டென்னிஸ் கொன்சால்வ்ஸ் என்ற தாவர நோயியல் அறிஞரின் குழு, வைரஸின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவையே பப்பாளிக்குள் பொருத்தி நோய் தாங்கும் ரகங்களை உருவாக்கியது. 1998-இல் அவற்றின் விதை உழவர்களுக்கு வழங்கப்பட்டது. ‘வைரஸ் மரபணு உள்ள பழமா?’ என்று கேட்டால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் நோய் பிடித்த சாதாரணப் பப்பாளியை உண்பவர் அந்த வைரஸை முழுமையாகவே விழுங்குகிறார்; அது மனிதரைப் பற்றாது என்பதால் ஒன்றும் ஆவதில்லை. அந்த ஹவாய்ப் பப்பாளி நம்மூர்ப் பழக்கடைக்கு வருவதில்லை என்பது வேறு.

இனி கத்தரிக்காய். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு.

கத்தரிக்காயை நறுக்கும்போது சொத்தை தென்பட்டால், அடுத்த முறை அதை உடனே தூக்கிப் போடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். வெளியே தெரியும் பெரிய துளை புழு வெளியேறிய வழி. அது உள்ளே நுழைந்த இடம் பெரும்பாலும் காம்பின் குல்லாய்க்கு அடியில் இருக்கும். ஊசிமுனை அளவுதான், அதையும் தன் கழிவாலேயே அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே பழுப்புத் தூளாகக் கழிவும் அதன் நடுவில் இளஞ்சிவப்பு நிறப் புழுவும் கிடக்கும். காய்க்குள் போய்விட்ட புழுவை எந்த மருந்தும் தொடாது. எனவே முட்டை பொரித்துப் புழு நுழைவதற்குள் கொன்றுவிட வேண்டும் என்று உழவர் அடிக்கடி மருந்தடிக்கிறார்; வாரத்துக்கு இரண்டு முறை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தைக்கு முந்தைய நாள் அடித்த மருந்தோடு காய் நம் வீட்டுக்கு வந்து சேருவதும் உண்டு.

இந்தப் புழுவை எதிர்க்க உருவாக்கப்பட்டதுதான் பி.டி. கத்தரி. மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் துரின்ஜியன்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு மரபணு, புழுவைக் கொல்லும் ஒரு புரதத்தைச் செடியிலேயே உண்டாக்குகிறது. மகாராஷ்டிர விதை நிறுவனமான மஹிகோ கத்தரியில் பொருத்திய அந்த மரபணுவை, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நான்கு உள்ளூர் ரகங்களில் சேர்த்தது. கோ 2, பி.எல்.ஆர். 1, கே.கே.எம். 1 ஆகியவற்றோடு நான்காவதாக இருந்தது எம்.டி.யு. 1, அதாவது உங்கள் ஊர்க் கத்தரி. மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு வலுத்தது, தமிழ்நாட்டில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் போன்றோர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதற்குத் தடை விதித்தார். தடைக்குக் காரணம் தீங்கு நிரூபிக்கப்பட்டது என்பதன்று. சார்பற்ற நீண்டகாலச் சோதனைகள் போதவில்லை, அறிவியலாளரிடையே ஒத்த கருத்து இல்லை, கத்தரியின் பூர்விகமே இந்தியா என்பதால் அதன் நாட்டு ரகங்களைக் காக்க வேண்டும் என்பவையே அவர் சொன்ன காரணங்கள். அந்தத் தடை இன்னும் நீக்கப்படவில்லை. 2019-இல் ஹரியானாவின் ஃபதேஹாபாதில் திருட்டுத்தனமாகப் பயிரிடப்பட்ட பி.டி. கத்தரி கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றபடி நீங்கள் வாங்கும் கத்தரிக்காயின் பளபளப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பறித்த காய் வாடாமல் இருந்தால் பளபளக்கும்.

அந்தப் புரதம் புழுவைக் கொல்லும் என்றால் பிள்ளையை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில்தான் பி.டி. புரதம் கரைந்து செயல்படும் வடிவத்தை அடைகிறது. பிறகு குடல் சுவரில் தனக்கென்று அமைந்த ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு துளையிடுகிறது. நம் இரைப்பை அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. பருப்பிலும் முட்டையிலும் உள்ள மற்றப் புரதங்களைப் போலவே இதுவும் செரித்துப்போகிறது. இதே பாக்டீரியாவைத் தூளாக்கி இயற்கை வேளாண்மை செய்பவர்களும் செடிக்குத் தெளிக்கிறார்கள். ஆனாலும் இரண்டையும் முற்றிலும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். தெளித்த தூள் வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும். செடியே உண்டாக்கும் புரதம் காய்க்குள் எப்போதும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பயிரையும் தனியாகச் சோதித்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று ஏசுவது முறையன்று.

தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் சான்று 1990-களில் நடந்தது. சோயாவில் குறைவாக உள்ள ஓர் அமினோ அமிலத்தைக் கூட்டுவதற்காக, அமெரிக்க விதை நிறுவனம் ஒன்று பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தது. பிரேசில் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒவ்வாமை உள்ளவர்களின் குருதிநீரைக் கொண்டு சோதித்தபோது அந்த ஒவ்வாமை சோயாவுக்கும் வந்துவிட்டது தெரிந்தது. ஆய்வு முடிவு 1996-இல் வெளியாயிற்று, அந்தச் சோயா கடைக்கு வரவே இல்லை. இந்தத் தொழில்நுட்பத்தால் தவறு நேரவே நேராது என்பவருக்கும், தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது என்பவருக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியே விடை. ‘மரபணு மாற்று உணவு பாதுகாப்பானதா?’ என்ற கேள்வி, ‘சமைத்த உணவு பாதுகாப்பானதா?’ என்பதைப் போன்றது. எந்தப் பயிரில் எந்த மரபணு, அது எந்தப் புரதத்தைச் செய்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

புற்றுநோய் அச்சத்தைக் கிளப்பிய எலிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உடம்பெங்கும் கட்டிகளோடு இருக்கும் எலிகள். அவை 2012-இல் பிரான்சின் செரலினி குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. அந்த ஆய்வில் ஒவ்வொரு பிரிவிலும் பத்து எலிகளே இருந்தன. அதற்கு எடுத்துக்கொண்ட எலி வகைக்கோ, என்ன தீனி போட்டாலும் வயதானால் கட்டி வரும் இயல்பு அதிகம். ஆய்வை வெளியிட்ட இதழ் 2013-இல் அதைத் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு வேறோர் இதழ் அதை மீண்டும் வெளியிட்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இரண்டாண்டு காலம் எலிகளைக் கொண்டு நடத்திய விரிவான சோதனையில் அத்தகைய தீங்கு காணப்படவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து வெளியிட்ட அறிக்கை, இருபது ஆண்டுகளாக இவ்வுணவுகளை உண்டுவந்த வட அமெரிக்காவையும், பெரும்பாலும் உண்ணாத மேற்கு ஐரோப்பாவையும் ஒப்பிட்டது. புற்றுநோயின் போக்கில் மரபணு மாற்று உணவால் வந்தது என்று சுட்டிக்காட்டத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. அனுமதி பெற்று இன்று சந்தையில் உள்ள மரபணு மாற்று உணவுகளால் மனிதருக்கு நோய் வந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே என் கருத்தும்.

மலட்டுத்தன்மை பற்றிய வதந்தி எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது எளிது. முளைக்காத விதையைத் தரும் ‘டெர்மினேட்டர்’ தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவில் 1998-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் ‘விதை முளைக்காது’ என்ற பேச்சு வாய்மாறி வாய்மாறி ‘தின்றவருக்குக் குழந்தை பிறக்காது’ என்று ஆகிவிட்டது. எங்கள் ஆய்வகத்துக்கு பிளாஸ்டிக் அரிசி என்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர்களையும், பிளாஸ்டிக் முட்டை என்று கையில் ஏந்தி வந்தவர்களையும் பார்த்தவன் நான். அவர்களில் யாரையும் நான் ஏளனமாகப் பார்த்ததில்லை. பாலில் யூரியாவும் மிளகாய்த் தூளில் சாயமும் கலந்து ஏமாந்த மக்கள், அடுத்தது எதுவாக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

அப்படியென்றால் மரபணு மாற்றம் நம் அடுக்களைக்கு வரவே இல்லையா? வந்திருக்கிறது, அந்தப் பட்டியலில் இல்லாத வழிகளில். இந்தியாவில் 2002 முதல் பி.டி. பருத்தி பயிராகிறது, இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். பருத்தி நூலுக்கு மட்டும் போவதில்லை. கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். குஜராத்தில் அது வீட்டுச் சமையல் எண்ணெய். மற்ற இடங்களில் கலப்பு எண்ணெயிலும் வனஸ்பதியிலும் தின்பண்டத் தொழிலிலும் சேர்கிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வருவதே. நம் நாட்டில் விளையும் சோயாவோ சாதாரணச் சோயா. எனவே மீல்மேக்கர் உருண்டையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். 2021-இல் கோழித் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது.

எண்ணெயைப் பற்றி ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி. மரபணு மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கும்போது, பொருளை அரைத்து டி.என்.ஏ.-வைப் பிரித்தெடுத்து, இத்தகைய பயிர்களில் வழக்கமாகப் பொருத்தப்படும் ஒரு துண்டு இருக்கிறதா என்று தேடுவோம். காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த துண்டு அது. மரபணு மாற்றிய மக்காச்சோள மாவிலோ சோயாவிலோ அது தெளிவாகக் கிடைக்கும். சுத்திகரித்த எண்ணெயிலோ, லிட்டர் கணக்கில் எடுத்தாலும் மிகச் சிறிய தடயம் கிடைப்பதே பெரும்பாடு. ஏனென்றால் மரபணுவும் புரதமும் புண்ணாக்கோடு போய்விடுகின்றன, எண்ணெயில் எஞ்சுவது கொழுப்பு மட்டுமே. ஆனாலும் நுண்ணிய கருவியால் கண்டுபிடிக்க முடியும்: 2018-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருள்களைச் சோதித்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மரபணு மாற்றத் தடயம் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிப் பொருள்கள்.

உடலுக்குத் தீங்கு என்பதற்கு இந்த முடிவு சான்றாகாது. ஆனால் மக்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை என்பதற்கு அது சான்று. மரபணு மாற்று உணவு உள்ள பொட்டலத்தின் மேற்புறத்தில் ‘ஜி.எம்.’ என்ற எழுத்துகள் இருக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நானும் கடைக்குப் போகும்போதெல்லாம் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த இரண்டு எழுத்துகளை ஒரு முறைகூடக் கண்டதில்லை. பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எட்டில் தொடங்கும் எண் இருந்தால் மரபணு மாற்றியது என்று சொல்வார்கள். அந்த முறை கடைகளில் நடைமுறைக்கே வரவில்லை, அதை நம்பிப் பழம் வாங்க வேண்டாம். 24 வகை விளைபொருள்களை இறக்குமதி செய்யும்போது மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மார்ச் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அது நல்ல தொடக்கம். பாதுகாப்பானதுதான் என்று சொல்பவர்களே, அதைப் பொட்டலத்தின் மேல் எழுதத் தயங்கினால் மக்கள் வேறென்ன நினைப்பார்கள்?

இப்போது உங்கள் மாமனார். அவர் சொல்வதை உடல்நலக் கேள்வியாக மாற்றாமல் அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டால், அதில் பெரும்பகுதி சரி. பி.டி. பருத்தி வந்தபோது விதை முழுவதும் வீரிய ஒட்டாக விற்கப்பட்டதால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. 450 கிராம் பொட்டலம் ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் விற்றது. அன்றைய ஆந்திர அரசு தலையிட்ட பிறகே 2006-இல் 750 ரூபாய்க்கு இறங்கியது. தொடக்கத்தில் காய்ப்புழுவை நன்றாகவே கட்டுப்படுத்திய பயிர்தான். ஆனால் சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதை எதிர்த்து வாழக் கற்றுக்கொண்டது, மருந்தடிப்பு மீண்டும் ஏறியது. ஆனால் இந்தக் கதையை அப்படியே எல்லா மரபணு மாற்றுப் பயிருக்கும் பொருத்த முடியாது. வங்கதேசம் 2013-இல் பி.டி. கத்தரிக்கு அனுமதி அளித்து, 2014 ஜனவரியில் இருபது உழவர்களுக்கு முதன்முதலாக நாற்று வழங்கியது. அந்த ரகங்களை வெளியிட்டது அந்நாட்டு அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். அவை வீரிய ஒட்டு அல்லாதவை என்பதால் உழவர் விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். நம் பல்கலைக்கழகத்தின் நான்கு கத்தரிகளும் அப்படிப்பட்ட ரகங்களே. எனவே விதை யார் கையில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஆய்வகம் அன்று. யார் வெளியிடுகிறார், வீரிய ஒட்டா அல்லது விதை எடுத்து வைக்கக்கூடிய ரகமா, காப்புரிமை யாருக்கு என்பவை. மாமனாருடைய கேள்வியை அரசிடமும் நீதிமன்றத்திடமும் கேட்க வேண்டும். பிள்ளையின் தட்டைப் பார்த்துக் கேட்கக் கூடாது.

தம்பியிடம் நான் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். 2019-இல் 29 நாடுகளில் ஏறத்தாழ 19 கோடி ஹெக்டேரில் மரபணு மாற்றுப் பயிர்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா. அதாவது மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம், எண்ணெய், நூல். பசித்தவருக்கு நேராகப் போகும் தானியம் அதில் மிகக் குறைவு. இந்தியா உலகிலேயே அதிக அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடு. கிடங்கில் நெல் அடுக்கியிருக்கும்போதே ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது வாங்கும் வசதியும் பலவகை உணவும். அதை ஒரு விதை சரிசெய்யாது. பசுமைப் புரட்சியின் குட்டை நெல்லும் கோதுமையும்கூட மரபணு மாற்றத்தால் வந்தவை அல்ல, மகரந்தக் கலப்பால் வந்தவை. அதே சமயம், இனி இது வேண்டவே வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியாது. கடல்நீர் ஏறிய வயலிலும் மழை தவறிய ஆண்டிலும் விளையும் பயிர் நமக்குத் தேவை. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்திக் காட்டுக் கண்டல் மரத்தின் மரபணுவைக் கொண்டு உப்பைத் தாங்கும் நெல்லுக்காக உழைத்தது இதற்காகத்தான். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ‘கமலா’, ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ ஆகிய இரண்டு நெல் ரகங்கள், அயல் மரபணு எதையும் மீதம் வைக்காமல் நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்து உருவானவை. அவற்றை மரபணு மாற்றுப் பயிர் என்று அழைப்பதா வேண்டாமா என்ற வாதமே இன்னும் ஓயவில்லை. தம்பிக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால், வாதாடுவதற்கு இது பொருத்தமான இடம்.

இனி உங்கள் அடுக்களை. தர்பூசணி, திராட்சை, பப்பாளி, ஸ்வீட் கார்ன் நான்கையும் தாராளமாகக் கொடுங்கள். அவற்றை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகப் பையன் பொட்டலத் தின்பண்டம் தின்கிறான் என்றால் அதுதான் நட்டம். கத்தரி, வெண்டை, திராட்சை, கறிவேப்பிலை ஆகியவற்றில் என் கவலை மரபணுவைப் பற்றியதன்று, தெளித்த மருந்தைப் பற்றியது. ஓடும் நீரில் கையால் தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவுங்கள். திராட்சையைக் கொத்தாக முக்கி எடுக்காமல் காம்பிலிருந்து உதிர்த்துக் கழுவுங்கள். கத்தரிக்காயின் குல்லாயை நீக்கிவிட்டே நறுக்குங்கள், மருந்து தங்கும் இடம் அது. சின்னச் சொத்தை உள்ள காயைக் கண்டால், அதிகம் மருந்து படாத காயாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். மரபணு மாற்றிய எதுவும் வேண்டாம் என்பது உங்கள் குடும்பத்தின் முடிவென்றால் அதற்கும் வழி எளிது: நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றிலும் மரபணு மாற்றுப் பயிர் இந்தியாவில் கிடையாது. கலப்பு எண்ணெய் வாங்கினால் எந்தெந்த எண்ணெய் எத்தனை விழுக்காடு என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக அந்தப் பருத்திப்பால். சண்டையில்லாமல் நடப்பது அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் பேச்சுக்கு வந்த பொருள்களிலேயே மரபணு மாற்றுப் பயிரிலிருந்து வந்திருக்கப் பெரிதும் வாய்ப்புள்ளது அதுதான். எண்ணெயில் நீங்கிவிடும் புரதமும் மரபணுவும், ஊறவைத்து அரைத்துப் பிழியும் பாலில் ஓரளவு இருக்கத்தான் செய்யும். அடுப்பில் நன்றாகக் கொதிக்கும்போது அந்தப் புரதம் உருக்குலைகிறது. மிச்சத்தை வயிறு செரித்துக்கொள்கிறது. பருத்திக்கொட்டையில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை: கோசிபால் என்ற இயற்கை நச்சுப்பொருள் அதில் உண்டு, பி.டி. பருத்தியில் மட்டுமன்று, உங்கள் மாமனாரின் தாத்தா பயிரிட்ட நாட்டுப் பருத்தியிலும் உண்டு. அதனால் வீட்டில் செய்தாலும் கொட்டையை நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அரைத்த பாலைச் சக்கையில்லாமல் வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். பச்சையாகக் கொடுக்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் இல்லாமல் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள், ஒரு சிறு குவளை போதும். தெருவில் வாங்கினால், பானை அடுப்பில் சூடாக இருக்கிறதா, குவளையைக் கழுவும் நீர் சுத்தமாக இருக்கிறதா என்று தாத்தாவைப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டையின் பூர்வீகத்தை அவரிடம் இன்றே சொல்வதா, கொஞ்ச நாள் கழித்துச் சொல்வதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.